அந்தப் பிள்ளை உங்கள் பள்ளியிலேயே தேர்வு எழுதட்டும்

தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு உங்களில் பலருடைய அலுவலகத்தில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் யார் யார் இரண்டு, மூன்று பாடங்களில் 35ஐத் தொடவில்லை என்ற பட்டியல். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒவ்வொரு பெற்றோராக அழைக்கப்படுகிறார்கள். "உங்க பையன் தேறமாட்டான் சார், இப்பவே டிசி வாங்கிட்டுப் போய் பிரைவேட்டா எழுத வையுங்க, அவனுக்கும் டென்ஷன் இல்ல, உங்களுக்கும் அவமானம் இல்ல" என்று மிகவும் அக்கறையான குரலில் சொல்லப்படுகிறது. அந்தப் பெற்றோர்கள் அடுத்து வருவது என்னைப் போன்ற ஆட்களிடம்தான். நான் மாலையில் வீட்டில் டியூஷன் எடுப்பவள், அதுவும் பெரும்பாலும் 'மெல்லக் கற்போர்' என்று நீங்கள் தனி பெஞ்சில் உட்கார வைக்கிற பிள்ளைகளுக்கு. அந்த அறையில் சொல்லப்பட்டது என்ன, சொல்லாமல் விடப்பட்டது என்ன என்பது இரண்டுமே எனக்கு அப்படித்தான் தெரிய வருகிறது. சொல்லாமல் விடப்பட்டதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பள்ளிகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ராத்திரி ஏழு மணி வரை பள்ளியில் இருந்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தன் சொந்தச் செலவில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைக்கிற ஆசிரியர்கள் உங்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள், எனக்கே தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிக்கச் சொல்வது அவர்கள் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். பத்தாம் வகுப்பு வரை கூட்டிவந்த பிள்ளையின் பெயரைப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அவன் தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி, உங்கள் பள்ளி மாணவனாகவே போய் எழுதட்டும். தேறாமல் போவதே கூட, ஜனவரியில் டிசி வாங்குவதைவிட அவனுக்கு எவ்வளவோ நல்லது. இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை, கணக்குப் பார்த்தே சொல்கிறேன்.

ஒரு பையன் பள்ளி மாணவனாகவே எழுதி, கணக்கிலும் ஆங்கிலத்திலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் முடிவு வரும். ஜூலை வாக்கில் துணைத் தேர்வு வரும், நம் காலத்தில் உடனடித் தேர்வு என்று சொன்னோமே அதுதான். அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதினால் போதும், தேறிய மூன்று பாடங்கள் தேறியவைதான். அறிவியல் செய்முறையில் வாங்கிய மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும். துணைத் தேர்வில் வந்துவிட்டால் அதே ஆண்டு பிளஸ் 1 சேர வழியிருக்கிறது. கூடப் படித்தவர்களைவிட இரண்டு மாதம் பின்னால் போய்ச் சேருவான், அவ்வளவுதான் நஷ்டம்.

இப்போது அதே பையனுக்கு ஜனவரியில் டிசி கொடுத்து அனுப்பினால்? 'பிரைவேட்டா எழுதலாம்' என்று சொன்னீர்களே, எந்தத் தேர்வை எழுதுவான்? தனித்தேர்வருக்கு விண்ணப்பிக்க ஒரு காலக்கெடு இருக்கிறது, அதைத் தவறவிட்டால் தக்கல், அதற்கும் ஒரு கடைசி நாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தனித்தேர்வர் அறிவியல் எழுத வேண்டும் என்றால், ஒதுக்கப்பட்ட பள்ளி ஒன்றில் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்து, 80 சதவீத வருகை வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவெல்லாம் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடப்பது. ஜனவரியில் வெளியே வந்தவன் அதற்கு எங்கே போவான்? ஆக, 'இந்த வருஷமே பிரைவேட்டா' என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஒரு வருடம் வீட்டில் உட்காருவான். பதினைந்து வயதுப் பையன் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் புத்தகத்தைத் திறப்பானா என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? முதல் மூன்று மாதம் அம்மா கெஞ்சுவார், அப்புறம் மாமா கடையில் நிற்பான், அடுத்த மார்ச் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டதா இல்லையா என்றே யாருக்கும் நினைவிருக்காது. எமிஸ் என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் அவன் பெயர் 'காமன் பூல்' என்ற, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலில் கிடக்கும். உங்கள் பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று ஃபிளெக்ஸ் தொங்கும்.

அந்த ஃபிளெக்ஸைப் பற்றியும் பேசிவிடுவோம். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இலேயே அரசு நிறுத்தியது. பிள்ளைகள் மேல் விழும் அழுத்தம் குறையட்டும் என்பதுதான் காரணம். அரசு நிறுத்தியது, நாம் நிறுத்தினோமா? ரேங்க் போனதும் அந்த இடத்தைத் தேர்ச்சிச் சதவீதம் பிடித்துக்கொண்டது. 2025இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், எழுதிய 8.71 லட்சம் பேரில் தேறாதவர்கள் ஏறத்தாழ 54 ஆயிரம் பேர். இந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் பேசுகிறோம், ஆனால் எழுதவே விடாமல் அனுப்பப்பட்டவர்கள் இதில் வருவதே இல்லை, சதவீதத்தின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அறுபது பேரில் நான்கு பேரை எடுத்துவிட்டு ஐம்பத்தாறு பேரையும் தேற வைத்தால் நூறு சதவீதம். அறுபது பேரையும் எழுத வைத்து ஐம்பத்தெட்டு பேர் தேறினால் தொண்ணூற்றாறு சொச்சம். இரண்டாவது பள்ளிதான் நல்ல பள்ளி என்பது உங்கள் கணக்கு ஆசிரியருக்கே தெரியும்.

இன்னொரு விஷயம், இது பத்தாம் வகுப்பில் தொடங்குவதே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் பிள்ளைக்குக் காவல். அதுவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது, தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பெயிலும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது, சல்லடை அங்கேதான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டு இறுதியில் "பெயில் போட்டுடுவோம், இல்லன்னா டிசி வாங்கிக்கோங்க, டிசியில பாஸ்னு போட்டுத் தர்றோம்" என்ற பேரத்தை எத்தனை பெற்றோர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டு முடிந்ததும் கட்டணச் சுமையும் சேர்ந்து வருகிறது, அது தனிக் கதை.

அதே ஒன்பதாம் வகுப்பில்தான் பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பாடமே நடப்பதில்லை. காலாண்டு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறீர்கள். இரண்டு வருடம் ஒரே புத்தகத்தைப் படித்தால் மதிப்பெண் கொட்டும் என்ற நினைப்பு. பிளஸ் 1 பாடத்தையும் இப்படித்தான் விழுங்கினோம், அதனால்தான் 2018இல் பிளஸ் 1க்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இலிருந்து அது மறுபடி இல்லை என்று ஆகிவிட்டது, இனி அங்கே என்ன நடக்கும் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை இதையும் தாண்டிவிடும். மெல்லப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பதில் விட்டுப்போனதுதான் பத்தில் இடறுகிறது. காரணிப்படுத்தத் தெரியாமல் இருபடிச் சமன்பாடு எப்படி வரும்? முக்கோணவியல் விகிதங்கள் கையில் இல்லாமல் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எப்படி வரும்? ஓட்டையைப் போட்டது யார் என்று கேட்காமல், தண்ணீர் நிற்கவில்லை என்று பாத்திரத்தை வெளியே வீசுகிறோம்.

"சரிம்மா, பேசுவது சுலபம், ஜனவரியில் பத்து மதிப்பெண் வாங்குகிற பையனை மார்ச்சில் 35 வாங்க வைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். எல்லோரையும் முடியாது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேரை முடியும். கணக்கையே எடுத்துக்கொள்வோம், அதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

வினாத்தாள் எப்படி என்பது உங்களுக்கு மனப்பாடம், இந்த மடலைப் படிக்கிற பெற்றோருக்காகச் சொல்கிறேன். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண் வினா பதினான்கில் பத்து, அது 20. ஐந்து மதிப்பெண் வினா பதினான்கில் பத்து, அது 50. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். அந்தக் கடைசி 16 மதிப்பெண்ணில்தான் நான் எப்போதும் தொடங்குவேன். ஏனென்றால் அதற்குக் காரணிப்படுத்தல் சரளமாக வர வேண்டியதில்லை, கை வர வேண்டும். ஒத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம், இப்படி நாலைந்து வகைதான். தினம் ஒன்று, வெள்ளைத்தாளில், கூர் சீவிய பென்சிலோடு.

போன முறை என்னிடம் வந்த ஒரு பையன் பின்னத்தைக் கூட்டச் சொன்னால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி வைப்பான். ஆனால் கவராயத்தைக் கையில் கொடுத்தால் வில் ஒன்றோடொன்று வெட்டுகிற இடம் ஊசி முனை மாதிரி விழும். அவன் அப்பா தச்சு வேலை செய்பவர், கூடப் போய் அளவு போட்டுப் பழகிய கை. அவன் அரையாண்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன், அந்த எட்டு மதிப்பெண் வினாவை அவன் தொடவே இல்லை. ஏண்டா என்றால், "நேரம் இல்ல மிஸ், அது கடைசில இருக்கு" என்கிறான். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், தெரியாத கணக்கில் ஒரு மணி நேரம் போராடிவிட்டுக் களைத்துப் போயிருக்கிறான். கடைசி வினாவை முதலில் எழுது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. யாரும் சொல்லவில்லை.

வரைபடமும் அப்படித்தான். அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, புள்ளி வைத்து இணைத்தாலே பாதிக்கு மேல் வந்துவிடும். 16இல் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண்ணில் புத்தகத்துப் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் எட்டு வரும். இரண்டு மதிப்பெண்ணில் கார்ட்டீசியன் பெருக்கல், இரண்டு அணிகளைக் கூட்டுவது, வீச்சும் வீச்சுக் கெழுவும் (பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் வீச்சு, அதை அந்த இரண்டின் கூடுதலால் வகுத்தால் கெழு, அவ்வளவுதான்), நாணயமோ பகடையோ வைத்துச் சின்ன நிகழ்தகவு. நான்கைந்து வந்தால் எட்டு, பத்து. மீதிக்கு முதல் பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றிரண்டு. 35 தாண்டிவிட்டதா இல்லையா?

அறிவியல் இதைவிடச் சுலபம். 25 மதிப்பெண் செய்முறை, 75 எழுத்து. செய்முறையில் 15ம் எழுத்தில் 20ம் வாங்க வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். கையால் செய்வதில் பின்தங்காத பிள்ளை செய்முறையில் நன்றாகவே வாங்கிவிடும், அப்புறம் 75க்கு 20 என்பது ஒரு மலையா? அந்தச் செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே டிசி கொடுத்து அனுப்புகிறீர்கள். பையன் கையில் தயாராக இருக்கும் மதிப்பெண்ணைத் தட்டிவிடுகிற வேலை அது.

இதையெல்லாம் தாண்டியும் சில பிள்ளைகளால் சரியாக எழுத முடியாது. அவர்களைப் பற்றித்தான் எனக்கு உங்கள்மேல் உண்மையான கோபம். வாய்மொழியாகக் கேட்டால் டக் டக்கென்று பதில் சொல்கிற பெண், எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் எடுக்கிறாள், எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாலும் தப்பாக எழுதுகிறாள். அவளைச் சோம்பேறி என்று பத்து வருடம் சொல்லியிருக்கிறீர்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், பள்ளித் தலைமை வழியாக விண்ணப்பம் போக வேண்டும், தேர்வுத் துறையின் அனுமதி வர வேண்டும். ஜனவரியில் அம்மாவைக் கூப்பிட்டு "இவளுக்கு ஏதோ பிரச்சனை இருக்கு போல" என்று சொன்னால் அந்த அம்மா என்ன செய்வார்? இது ஒன்பதாம் வகுப்பு ஜூனில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. சொல்லப்போனால் மூன்றாம் வகுப்பிலேயே.

இனி மாற்று வழிகளுக்கு வருகிறேன். நீங்கள் அந்த அறையில் 'ஐடிஐ' (தொழிற்பயிற்சி நிலையம்) என்ற வார்த்தையை உச்சரிக்கிற விதம் இருக்கிறதே, அதுதான் பாதிக் கெடுதல். தண்டனை மாதிரி சொல்கிறீர்கள். "இவனுக்கெல்லாம் ஐடிஐதான்" என்று பையன் முன்னாலேயே சொன்னால், பின்னால் நானோ அப்பாவோ அதை ஒரு நல்ல வழியாக எடுத்துச் சொல்லும்போது அவன் காதில் ஏறுமா?

விவரம் இதுதான். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றுக்குப் பத்து முடித்திருக்க வேண்டும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியிலிருந்து போனவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது எந்திரங்கள் வந்திருக்கின்றன, ரோபாட்டிக்ஸ் வரை சொல்லித் தருகிறார்கள். எட்டாம் வகுப்போடு சேர்ந்து ஐடிஐ முடித்தவன் தமிழ், ஆங்கில மொழித் தேர்வை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம், பத்தோடு ஐடிஐ முடித்தவனுக்கு அதேபோல் பிளஸ் 2க்கு இணை. ஐடிஐ முடித்து பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்து பொறியியல் நேரடி இரண்டாம் ஆண்டு என்று கதவு திறந்தேதான் இருக்கிறது. இதில் ஒரு வரியாவது அந்த அறையில் சொல்லப்பட்டதாக எந்தப் பெற்றோரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் பாருங்கள், இதிலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கையில் இருந்தால்தான் பிரிவுகள் அதிகம். அதனால்தான் முதலில் எழுத விடுங்கள் என்கிறேன்.

அப்புறம் பிளஸ் 1 தொழிற்கல்விப் பிரிவு. இது இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அடிப்படை மின் பொறியியல், அடிப்படை இயந்திரவியல், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, செவிலியம், நெசவு என்று. உங்கள் மெட்ரிக் பள்ளிகளில் பெரும்பாலும் கிடையாது, அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும்தான் தேட வேண்டும். பத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை இயற்பியலும் வேதியியலும் உள்ள குரூப்பில்தான் சேர்ப்பேன் என்று அடம்பிடிக்கிற பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். நான் சொன்னால் 'டியூஷன் மிஸ் என் பொண்ணை மட்டம் தட்டுறாங்க' என்று ஆகிவிடுகிறது.

தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ் என்று சொல்வது, 1989இல் தொடங்கியது. இதை நான் யாருக்கும் முதல் வழியாகச் சொல்வதில்லை, ஆனால் சிலருக்கு இதுதான் சரியான வழி. நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் இருந்த பிள்ளை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம், 33 சதவீதம் வந்தால் தேர்ச்சி. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஏப்ரல்-மே ஒரு முறை, அக்டோபர்-நவம்பர் ஒரு முறை தேர்வு, ஒன்பது வாய்ப்புகள். ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக முடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஓவியம், மனையியல், தரவு உள்ளீடு என்று பாடம் எடுத்துக்கொள்ள முடியும். பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியிலும் எழுதலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டுத் தேறினால், பிறகு பாலிடெக்னிக் பக்கமோ அறிவியல் குரூப் பக்கமோ திரும்ப நினைக்கும்போது சிக்கல் வரும். அடுத்து எந்த நிறுவனத்தில் சேரப் போகிறோமோ, அங்கே இந்தச் சான்றிதழை இந்தப் பாடங்களோடு ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டாவது, 'ஒரே மாதத்தில் பத்தாம் வகுப்பு பாஸ்' என்று மின்கம்பத்தில் போன் நம்பர் ஒட்டுகிறார்களே, அந்த ஆட்கள். என்ஐஓஎஸ் பதிவை அதன் இணையதளத்தில் நாமே போடலாம், இடையில் ஏஜென்ட் எதற்கு? இதில் வருத்தம் என்னவென்றால், அந்த போன் நம்பரைப் பள்ளி அலுவலகத்திலிருந்தே வாங்கி வந்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி மாற்றுவதும் ஒரு வழிதான், அதை மறுக்கவில்லை. நாற்பத்தைந்து பேர் வகுப்பில் காணாமல் போகிற பிள்ளை சின்னப் பள்ளியில் தலை நிமிர்வதுண்டு. ஆனால் அது எட்டு முடித்து ஒன்பது சேரும்போது செய்ய வேண்டிய மாற்றம், அதுவும் ஆங்கிலவழியிலிருந்து தமிழ்வழிக்கு மாறுவதென்றால் ஒரு முழு வருடமாவது பழக வேண்டும். பத்தாம் வகுப்பு நடுவில் மாற்றினால் புது ஆசிரியர், புது நண்பர்கள், புது நோட்டு, திருப்புதல் தேர்வு எல்லாம் ஒரே வாரத்தில் அவன் தலையில் விழும்.

பெற்றோர் மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் பள்ளி தேடுகிறோம், பெயில் ஆன பிள்ளை இருக்கிற பள்ளி மட்டமான பள்ளி என்று நாமே பேசுகிறோம், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் பிள்ளையின் படிப்பு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் துணைத் தேர்வு எப்போது, தனித்தேர்வருக்கு என்ன விதி, சலுகைக்கு யாரிடம் போக வேண்டும் என்பது தெரியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் சொல்லாமல் விடுவதும் தெரியாதவர் கேட்காமல் விடுவதும் ஒன்றாகாது.

ஆகவே இந்த ஜனவரியில் அந்தப் பெற்றோரைக் கூப்பிடும்போது, டிசிக்கான விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்து வையுங்கள். பிள்ளையை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பேசாதீர்கள், உள்ளே உட்கார வையுங்கள், அவனைப் பற்றித்தானே பேச்சு. எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைகிறது, அது வினாத்தாளின் எந்தப் பகுதியிலிருந்து வர முடியும் என்று பாட ஆசிரியரை வைத்தே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மே மாதம் வராவிட்டால் ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், அதைச் சொன்னால் பையன் படிக்காமல் விட்டுவிடுவான் என்று பயப்படாதீர்கள். என் அனுபவத்தில் அதைக் கேட்ட பிறகுதான் பல பிள்ளைகள் மூச்சு விட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். கல்வி வழிகாட்டலுக்கு 14417, மனம் சரியில்லை என்றால் 14416 என்ற இரண்டு எண்களும் அந்தத் தாளின் அடியில் இருக்கட்டும்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு நடுவில் டிசி கேட்டு எழுதித் தரச் சொன்னால், எழுதித் தராதீர்கள். அவர்கள் கொடுக்கிற வெள்ளைத்தாளில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, பள்ளி அனுப்பியது என்று எங்கே போய்ச் சொன்னாலும் எடுபடாது. "பையன் தேர்வு எழுதட்டும் சார், என்ன வருதோ வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அப்படியும் கட்டாயப்படுத்தினால் காரணத்தை அவர்களையே எழுதித் தரச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். காரணத்தை எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தாளாளர்களே, பெயர்ப்பட்டியலில் அந்த நாலு பேர் அப்படியே இருக்கட்டும். ஹால் டிக்கெட் வந்ததும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அன்றைக்கே அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், கட்டணப் பாக்கி, நடத்தை, அப்பா வரவில்லை என்று எதையும் காரணமாக்கி இழுத்தடிக்காதீர்கள். சாயங்காலம் அவர்களை எங்களிடம் அனுப்புங்கள், கவராயமும் கூர் சீவிய பென்சிலும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேர டியூஷன் டீச்சர் ஒருத்தி